கியர் பெட்டிக்கு ஒரு நாள் விரதம்

போன மாதம் மகனுடைய காரை சர்வீசுக்கு விட்டபோது நானும் கூடப் போயிருந்தேன். சத்தி ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய இடம். உட்காருகிற அறையில் ஏசி, காபி மெஷின், மெத்தை நாற்காலி. வேலை நடப்பதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பார்க்கலாம், ஆனால் சத்தமும் வராது, வாசனையும் வராது. மீன்தொட்டிக்குள் பார்க்கிற மாதிரிதான். அங்கே வேலை செய்கிற ஒரு பெண் வந்து, டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிடு மாற்ற வேண்டும் என்று மகனிடம் சொன்னாள். மகன் தலையாட்டினான். எனக்குத்தான் புரியவில்லை. என்ன கண்ணு அது என்று கேட்டேன். "கியர் ஆயில்தானுங்கம்மா" என்று சிரித்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தக் கதவு திரும்பி வந்து மூடுவதற்குள், எந்த வண்டியில் எதைத் திறந்தார்களோ, ஒரு வாசனை உள்ளே வந்துவிட்டது.

அதை நீங்கள் மோந்திருக்கிறீர்களோ இல்லையோ தெரியாது. பெட்ரோல் மாதிரி மூக்கில் ஏறி உடனே ஓடிவிடுகிற வாசனை அல்ல அது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசலில் கிடக்கிற வெடிக் காகிதத்தின் கந்தக வாடை இருக்கிறதே, அதோடு நாள்பட்ட விளக்கெண்ணெயைச் சேர்த்துப் பிசைந்தால் எப்படி இருக்கும், அப்படி. துணியில் பட்டால் மூன்று துவைப்புக்குப் போகாது. கையில் பட்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் சோற்றில் கை வைக்கும்போது மெதுவாக எழுந்து வரும். கல்யாணமான புதிதில் எனக்கு அந்த வாசனையில் தலை சுற்றியது. பிறகு அது வராத நாளில்தான், வீட்டுக்காரர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளைக்குச் சொந்த வண்டி இருக்கிறது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வந்து பார்த்தால் வண்டிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. வெள்ளை அம்பாசிடர். முன்னால் யார் யாரோ வைத்திருந்து, கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்தது. வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, பண்ணாரி அம்மன் கோயில், மருதமலை என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். எங்கள் சோறு அந்த நாலு சக்கரத்தில்தான் வந்தது. அதனால் காலையில் எழுந்ததும் எனக்கு மூன்று கும்பிடு. சூரியனுக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று, பானெட்டுக்கு ஒன்று. நான் எட்டாவதோடு நின்றவள். வண்டியைக் கும்பிடுவது சரியா தப்பா என்றெல்லாம் யோசிக்கிற அளவுக்கு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் மகன் காரில் ஏறும்போது கை தானாகப் போய்க் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். மருமகள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள். நல்ல பெண்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அப்போது சரவணம்பட்டியில் இவ்வளவு கட்டிடம் ஏது? ரோட்டைத் தாண்டினால் சோளக்காடு. எங்கள் சந்தில் ஏழெட்டு வீடுகள், முனையில் ஒரு லேத் பட்டறை, ரோட்டோரம் ஒரு மளிகைக் கடை. அந்தக் கடையில்தான் போன் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்தது பாப்பாத்தியக்கா வீடு. வீடு என்பதைவிட மாட்டுக்கொட்டாய் என்று சொல்லலாம்; கொட்டாய்க்கு ஓரமாக அவரும் அவர் மகளும் இருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே ஒரு செவலை மாடு. சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் அடுப்பும் எரிந்தது, மகளும் பள்ளிக்கூடம் போனாள். பால் வற்றி, மாடு சினையாக இருக்கிற மாதங்களில் அக்கா தோட்டத்துக் கூலிக்குப் போவார். அந்த வருஷம் மாடு நிறைசினை. நல்ல நாள் பார்த்துத்தான் கன்று போடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கியர் ஆயில் மாற்றுவதை நாங்கள் வீட்டிலேயே செய்துவிடுவோம். மாற்றுவதற்கு முன்னால் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வர வேண்டும். ஆறிய ஆயில் கெட்டியாக உள்ளேயே பிடித்துக்கொண்டிருக்கும், சூட்டில்தான் இளகி அடிமண்டியோடு வரும். இவர் கோவில்பாளையம் வரை போய்த் திரும்பி வருவார். வந்ததும் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்து, கியர் பெட்டியின் அடியில் இருக்கிற திருகைக் கழற்றுவார். நான் பழைய இரும்பு வாணலியை நகர்த்தி வைப்பேன். கறுப்புப் பாகு மாதிரி இறங்கும். சத்தமே இருக்காது. சாயங்கால வெயிலில் வாணலியைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே பொன் பொடி தூவின மாதிரி மினுமினுக்கும். உள்ளேயிருக்கிற பித்தளை தேய்ந்து வருகிற தூள் என்று இவர் சொன்னார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பிடிக்கும். ஒரு வருஷம் முழுக்க எங்கெங்கே போய் வந்ததோ அத்தனையும் அதில் மிதக்கிற மாதிரி தோன்றும். எத்தனை கல்யாணப் பெண்கள், எத்தனை நோயாளிகள், மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிய எத்தனை குழந்தைகள்.

வருஷம் ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முன்தினம்தான் மாற்றுவார். அதிலும் இவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த டிரைவர் வீட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை. பழைய ஆயிலை இறக்கி, அடித்திருகை முடுக்கிவிடுவார். புது ஆயிலை ஊற்ற மாட்டார். டின்னைப் பிரிக்காமல் துடைத்து, பொட்டு வைத்து, பூஜையில் சாமி முன்னால் வைப்பார். மறுநாள் விஜயதசமி காலையில் கும்பிட்டு எடுத்துப் போய் ஊற்றினால்தான் வண்டி கிளம்பும். "வருஷம் பூரா நமக்கு ஓடுது. ஒரு நாளைக்கு அதுவும் வெரதம் இருக்கட்டுமே" என்பார். நானும் அன்றைக்குப் பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பதால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, வீட்டில் ரெண்டு விரதம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் முன்தினம் சாயங்காலம் பாப்பாத்தியக்கா வாளியோடு வந்தார். பழைய ஆயில் அவருக்குத்தான். கொட்டாய்க் கம்பங்களுக்குப் பூசினால் கரையான் அண்டாது. வாணலியை வாளியில் கவிழ்த்துக்கொண்டே, வண்டிக்கடியில் கிடந்தவரைப் பார்த்து, "ஏந்தம்பி, அம்மணியத்தான் பட்டினி போடறீங்கன்னு பார்த்தா, வண்டியவுமா?" என்றார். அடியிலிருந்து இவர், மாட்டுக்கும் ஒரு நாள் விரதம் சொல்லிப் பாருங்கள் என்றார். அது ஏற்கெனவே ரெண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை, நாள் நெருங்கிவிட்டது என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிட்டோம்.

பூஜையன்று விடியக் கழுவி, நெற்றியும் சக்கரமும் சந்தனப் பொட்டுமாக வண்டி வாசலில் நின்றது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தோம். டயருக்கடியில் எலுமிச்சம்பழம். உள்ளே பலகையில் ஸ்பேனர்கள், ஜாக்கி, என் அரிவாள்மனை, மகனுடைய ரெண்டாங்கிளாஸ் புஸ்தகம், நடுவில் ஆயில் டின். பொரி, கடலை, சுண்டல், பழம். இவர் புது வேட்டி கட்டி, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் இதேதான். பட்டறையில் லேத்துக்கு மாலை, கடையில் தராசுக்கு மாலை, சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும்கூட மாலை. ஊரில் இருக்கிற சக்கரங்கள் எல்லாம் பூவை வைத்துக்கொண்டு சும்மா நின்றன. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கனவுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு இடம் இருக்குமே, ஊரே அங்கே படுத்துக்கிடந்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் பாப்பாத்தியக்கா வாசலில் வந்து நின்றார். சேலை முந்தானை ஈரம். முகத்தில் சிரிப்பில்லை. மாடு காலையிலிருந்து முக்குகிறது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, இன்னொரு காலைக் காணோம் என்றார். இவர் கடைக்கு ஓடிப்போய் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் லீவுக்கு ஆர்.எஸ்.புரத்தில் தன் வீட்டில் இருந்தார். தாமதம் செய்தால் தாயும் தங்காது, யாரும் கைவைத்து இழுத்துவிட வேண்டாம், உடனே வருகிறேன் என்றார். ஆனால் அவர் ஸ்கூட்டருக்கும் மாலை போட்டாகிவிட்டது; மறுநாள்வரை நகர்த்தவிட மாட்டேன் என்று வீட்டம்மா சாவியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்களாம். வண்டி அனுப்பினால் வருவதாகச் சொன்னார். பக்கத்தில் வேறு வண்டி ஏது?

கடையிலிருந்து திரும்பி வந்த இவர் ஒரு நிமிஷம் எங்கள் காரைப் பார்த்தார். பூஜை போட்ட வண்டியை மறுநாள் விடியாமல் எடுத்ததே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. வாழைக்கன்றும் மாலையுமாக வண்டி சந்தில் திரும்பியது. அக்கா கொட்டாய்க்கு ஓடினார்.

நான் உள்ளே போய்ப் பலகை முன்னால் நின்று கண்ணை மூடினேன். அந்த மாட்டைக் காப்பாத்து தாயே, அக்காளுக்கு வேற கதியில்லை என்று மட்டும்தான் கேட்டேன். அதற்கு மேல் வேண்டிக்கொள்ள எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தால் எதிரில் பொட்டு வைத்த ஆயில் டின்.

கியர் பெட்டி காலி. நேற்று என் கையால்தான் வாணலி வைத்தேன். பக்கத்து வீட்டில் ஒரு உயிர் பாதியில் நிற்கிற அவசரத்தில், வருஷா வருஷம் இதைச் செய்கிற ரெண்டு பேருமே மறந்துவிட்டோம். அப்படியே ஆர்.எஸ்.புரம்வரை போனால் உள்ளே கியர் பல் எல்லாம் சூடேறிக் கடித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். வண்டியும் போச்சு, டாக்டரும் வர மாட்டார், மாடும் போச்சு. எடுக்கலாமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, ஆயில் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஓடினால் எப்படி இருக்கும் பாருங்கள். குடம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடுகிறேன் என்று ஒரு வீட்டில் நினைத்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார்கள். பட்டறை தாண்டினால் வண்டி ஓரமாக நின்றிருந்தது. இவர் பானெட்டில் கை வைத்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டாவது கியர் போட்டதும் ஒரு முனகல் கேட்டதாம். பழகின வண்டி, அதனால் நிறுத்திவிட்டார். ஏன் என்று மட்டும் புரியவில்லை. என் இடுப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

ஆனாலும் கை நீட்டவில்லை. "சாமிக்கு வெச்சதாச்சே அம்மணி. நாளைக்குத்தானே எடுக்கோணும்?" என்றார்.

"சாமிக்கு வெச்சதுதானுங்க. அங்க கொட்டாய்ல ஒரு சாமி பாதி வெளிய வந்து நிக்குதுங்க. அதுக்கு ஊத்துங்க" என்றேன்.

அவரிடம் அதற்கு முன்னால் அப்படி நான் பேசியதில்லை. இவர் முன்கதவைத் திறந்து, கீழே விரித்திருந்த கால்மிதியைத் தூக்கி, ரப்பர் மூடியை எடுத்தார். அதற்குள்ளேதான் கியர் பெட்டியின் வாய். புனல் வீட்டில் கிடந்தது. ஓடிப் போய் எடுத்து வர நேரமில்லை. வண்டியில் கட்டியிருந்த வாழைக்கன்றிலிருந்து ஒரு இலையைக் கிழித்துச் சுருட்டிக் கூம்பாகப் பிடித்தார். நான் டின்னைச் சாய்த்தேன். புது ஆயில் தேன் நிறத்தில், இலையின் பச்சையில் ஒட்டி ஒட்டி இறங்கியது. அவசரப்படுத்த முடியாது அதை. எவ்வளவு சாய்த்தாலும் தன் போக்கில்தான் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளமாக இருந்தது என்கிறீர்கள். ரெண்டு பேரும் இலை நுனியில் திரண்டு திரண்டு உள்ளே போவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டும்போது இப்படித்தான் இருக்கும். குச்சியை விட்டு அளவு பார்த்தார். போதும் என்றார். புது வேட்டியில் தொடைவரை ஆயில். "போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். இந்தத் தடவை முனகல் குறைந்திருந்தது.

நான் கொட்டாய்க்குப் போனேன். செவலை படுத்திருந்தது. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு மாட்டைத் திட்டுவார், ஒரு மூச்சு பண்ணாரி அம்மனைத் திட்டுவார். "ஏனாத்தா, உனக்கு நான் என்ன கொற வெச்சேன், வருசா வருசம் நடந்து வாரேனே, கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு" என்று சண்டை போடுகிற மாதிரியே வேண்டினார். அப்படி வேண்ட எனக்கு இன்றைக்கும் வராது. நான் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். மாட்டின் மூச்சும் என் கையிலிருந்த ஆயில் வாசனையும் வைக்கோல் வாசனையும் ஒன்றாகக் கலந்து, எனக்கு மயக்கம் மாதிரி வந்தது. கம்பங்களில் நேற்றுப் பூசின பழைய ஆயில் இன்னும் காயாமல், கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் அங்கங்கே மினுங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஹார்ன் சத்தம் கேட்டது. டாக்டர் நெற்றி நிறைய விபூதியும் வேட்டியுமாக இறங்கினார். சட்டையைக் கழற்றி, தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கித் தடவிக்கொண்டு கையை விட்டார். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருக்கிறது என்றார். மாடு முக்கினால் நிறுத்துவார், விட்டால் தேடுவார். வியர்வையில் விபூதி கரைந்து மூக்கில் இறங்கியது. பிறகு "கால் கெடச்சிருச்சு" என்றார், மெதுவாக. இவரும் அவரும் சேர்ந்து, மாடு முக்குகிற நேரம் பார்த்து இழுத்தார்கள்.

கன்று வந்து விழுந்தது. அசையவில்லை. அக்கா சாமியைக் கூப்பிடவுமில்லை, அழவுமில்லை. வைக்கோலை அள்ளி அதன் விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் மூக்கைத் துடைத்து ஒரு வைக்கோல் துரும்பை உள்ளே விட்டார். அது தும்மியது.

பெண் கன்று, கிடேரி. செவலையிலேயே நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தாய் எழுந்து நின்று நக்க ஆரம்பித்த பிறகுதான் அக்கா வெளியே வந்தார். நேராக எங்கள் வண்டியிடம் போனார். வாடின மாலையும் ஒரு இலை கிழிந்த வாழைக்கன்றுமாக நின்ற அதன் பானெட்டில் தலையை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதார். டாக்டரைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்பதால் இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கட்டும் என்று நின்றார்.

மறுநாள் விஜயதசமி. பலகையில் டின் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. என்ன வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா ஒரு கிண்ணத்தில் சீம்பாலை வெல்லம் போட்டு அவித்துக் கொண்டுவந்தார். கன்று குடித்த மிச்சம்தான் என்றார். அதைத்தான் அங்கே வைத்துக் கும்பிட்டோம். இவர் அதற்கப்புறமும் வருஷா வருஷம் அந்த வழக்கத்தை விடவில்லை. புது ஆயிலை மட்டும் பூஜையன்றைக்கே, கற்பூரம் காட்டின கையோடு ஊற்றிவிடுவார். வெறும் பெட்டியோடு ஓடின அந்தக் கொஞ்ச தூரத்துக்கு, ரெண்டாவது கியரில் ஒரு மெல்லிய முனகல் கடைசிவரை தங்கிவிட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்க்கலாம் என்றார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். சவாரி வருகிறவர்கள் என்ன சத்தம் என்று கேட்டால், கன்னுக்குட்டி கத்துது என்பார். அவர்கள் முழிப்பார்கள்.

அந்தக் கிடேரி வளர்ந்து கன்று போட்டது. அந்தக் கன்றும் பிறகு ஒரு கன்று போட்டது. அத்தனை வருஷமும் எங்கள் வீட்டுக்குப் பால் அந்தக் கொட்டாயிலிருந்துதான். நான் ராத்திரியே வேப்பமரத்தடிக் கேட்டில், பால் வாங்குகிற தூக்குப்போசியை மாட்டிவிடுவேன். இருட்டோடு அக்கா வந்து ஊற்றிவிட்டு, "பாலு ஊத்தீட்டேன் அம்மணி" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் குரலுக்குத்தான் எங்கள் வீடு விழிக்கும்.

வண்டியைச் சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பிறகு சோளக்காட்டில் கட்டிடங்கள் வந்தன. கொட்டாய் இருந்த இடத்தைப் பங்காளிகள் விற்றார்கள். மாடுகள் புளியம்பட்டிச் சந்தைக்குப் போயின. அக்காவை மகள் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது நல்ல சேலை கட்டியிருந்தார். உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவர் சொன்னார், நானும் அதையேதான் சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுத் தூக்குப்போசியைக் கொண்டுபோய்க் கேட்டில் மாட்டினேன். மறந்துபோய்த்தான் மாட்டினேன். மறுநாளும் மாட்டினேன், அது மறதி என்று சொல்ல மாட்டேன். பங்குனி மாசம். அதற்கடுத்த காலையிலும் குரல் கேட்கவில்லை, நன்றாக விடிந்துதான் எழுந்தேன். போசியை எடுத்து உள்ளே பார்த்தேன். வேப்பம்பூ உதிர்ந்து பாதிக்கு நிறைந்திருந்தது.